டைட்டனின் காற்றைப் படிக்க நான்கு வழிகள்: இன்று தொடங்குபவர் எதை எடுப்பது?

சனிக் கோளின் மிகப் பெரிய நிலவு டைட்டன். அதன் வளிமண்டலத்தையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வது என்று ஒருவர் முடிவு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி எதை வைத்து ஆராய்வது என்பதுதான். இன்று கைக்கு எட்டும் வழிகள் நான்கு. காசினி விண்கலம் 13 ஆண்டுகள் சேர்த்துவைத்த தரவு ஒன்று. பூமியிலும் விண்வெளியிலும் இருக்கும் தொலைநோக்கிகள் இன்னொன்று. ஆய்வகத்தில் டைட்டனின் காற்றைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்ப்பது மூன்றாவது. 2034இல் அங்கே போய் இறங்கப்போகும் நாசாவின் பறக்கும் கலம் டிராகன்ஃபிளை போன்ற பயணத்தில் சேர்ந்துகொள்வது நான்காவது.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது தொடங்குபவர் காசினி தரவில் கை பழகிவிட்டு, தொலைநோக்கியில் காலூன்ற வேண்டும். டிராகன்ஃபிளை எவ்வளவுதான் ஈர்த்தாலும், வளிமண்டலம்தான் உங்கள் கேள்வி என்றால் அதை மட்டும் நம்பிக் காத்திருப்பது சரியல்ல. இதற்கு முதல் காரணம் டைட்டனின் நாட்காட்டி.

ஓர் ஆண்டுக்கு ஓர் ஆயுள்

சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர 29.5 ஆண்டுகள் ஆகும். டைட்டனுக்கும் அதுதான் ஓர் ஆண்டு. ஒரு பருவம் ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீளும். முப்பது வயதில் ஆராய்ச்சியில் இறங்கும் ஒருவர் ஓய்வு பெறுவதற்குள் டைட்டனின் நான்கு பருவங்களையும் ஒருமுறை பார்ப்பார். இரண்டாம் சுற்றுக்கு அவர் இருக்க மாட்டார். எந்தக் கருவியை நம்புகிறோம் என்பதைவிட, அந்தக் கருவி எந்தப் பருவத்தில் அங்கே விழித்திருக்கிறது என்பது இங்கே முக்கியம்.

வாயேஜர் 1 டைட்டனைக் கடந்தது 1980 நவம்பரில், வட அரைக்கோளத்தில் வசந்தம் தொடங்கிய நேரம். காசினி சனியை அடைந்தது 2004 ஜூலையில், வடக்கே குளிர்காலம். அது 2017 செப்டம்பரில் சனியின் வளிமண்டலத்துக்குள் விழுந்து அழிந்தபோது வடக்கே கோடை உச்சத்தைத் தொட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதாவது 13 ஆண்டுகள் அங்கேயே இருந்தும் காசினி பார்த்தது டைட்டனின் அரை ஆண்டுக்கும் குறைவு. வடக்கே கோடை தேய்ந்து இலையுதிர்காலம் வருவதை எந்த விண்கலமும் அருகிலிருந்து பார்த்ததில்லை. சம இரவு பகல் நாள் 2025 மே மாதம் வந்துபோனது. வடக்கின் இலையுதிர்காலம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். தெற்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2009 ஆகஸ்டில் தெற்கே இலையுதிர்காலம் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், 2012இல், தென் துருவத்துக்கு மேல் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுழல் மேகத்தை காசினி கண்டது. அது ஹைட்ரஜன் சயனைடு பனித்துகள்களால் ஆனது என்று பிறகு தெரிந்தது. அந்த உயரத்தில் அந்த வாயு உறைய வேண்டுமானால், அப்போதைய மாதிரிகள் சொன்னதைவிடக் காற்று பல பத்து டிகிரி கூடுதலாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஒருவரும் எதிர்பார்க்காத அளவு. வடக்கும் அதே வேகத்தில் குளிருமா, அங்கேயும் அப்படியொரு மேகம் பிறக்குமா? இந்தக் கேள்விக்கான காலம் இதுதான். அதுவும் குறுகிய காலம். இலையுதிர்காலம் முற்ற முற்ற வட துருவம் சூரியனுக்கு மட்டுமல்ல, பூமிக்கும் பின்னால் சாய்ந்துகொண்டே போகும். 2034 வரை காத்திருந்தால் அது கிடைக்காது.

தொலைநோக்கி: எதைக் காட்டும், எதை மறைக்கும்

தொலைநோக்கியைத்தான் பரிந்துரைக்கிறேன் என்பதாலேயே அதன் குறையிலிருந்து தொடங்குகிறேன்.

டைட்டனை கிறிஸ்டியான் ஹைகன்ஸ் கண்டுபிடித்தது 1655இல். அதற்கு வளிமண்டலம் இருக்கலாம் என்ற முதல் குறிப்பு 1907இல் பார்சலோனாவிலிருந்து ஜோசப் கோமாஸ் இ சோலா செய்த அவதானிப்பில் வந்தது: வட்டத்தின் விளிம்பு நடுப்பகுதியைவிட மங்கலாகத் தெரிந்தது. 1944இல் ஜெரார்டு கைப்பர் அதன் நிறமாலையில் மீத்தேனைக் கண்டார். அதன்பின் முப்பத்தாறு ஆண்டுகள் தொலைநோக்கிகள் மீத்தேனையும் அதன் வழிவந்த சில சேர்மங்களையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் டைட்டனின் காற்றில் ஏறத்தாழ 95 விழுக்காடு நைட்ரஜன். நைட்ரஜன் மூலக்கூறு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் அகச்சிவப்பிலும் மில்லிமீட்டர் அலைகளிலும் தன் அடையாளத்தைக் காட்டுவதேயில்லை. பெரும்பகுதி கண்ணுக்கே படாமல் இருந்தது.

அதன் விளைவு எவ்வளவு தூரம் போனது தெரியுமா? 1970களின் கடைசியில் இரண்டு மாதிரிகள் எதிரெதிராக நின்றன. ஒன்று மெல்லிய மீத்தேன் வளிமண்டலம், தரையில் அழுத்தம் சுமார் 20 மில்லிபார் என்றது. இன்னொன்று தடித்த நைட்ரஜன் வளிமண்டலம், அழுத்தம் 20 பார் வரை போகலாம் என்றது (பூமியின் தரையழுத்தம் ஏறத்தாழ ஒரு பார்). ஆயிரம் மடங்கு வித்தியாசம். தீர்த்துவைத்தது வாயேஜர் 1. டைட்டனுக்குப் பின்னால் அது மறையும்போது அனுப்பிய ரேடியோ அலை காற்றுக்குள் புகுந்து வளைந்த விதத்தை வைத்து, தரை அழுத்தம் பூமியைப்போல் ஒன்றரை மடங்கு, வெப்பநிலை மைனஸ் 180 டிகிரி செல்சியஸ் அளவு என்று கணக்கிட்டார்கள். இந்த ஓர் அளவீட்டுக்காக வாயேஜர் 1 டைட்டனை நெருங்கியதால் அதன் பாதை கோள்களின் தளத்தைவிட்டு மேலே எறியப்பட்டது. புளூட்டோவுக்குப் போகும் வாய்ப்பு கைவிடப்பட்டது. கொடுத்தது சரியான விலைதான் என்றே நினைக்கிறேன்.

தொலைநோக்கி இப்படித் தடுக்கும் இடம் எதுவென்று தெரிந்துகொண்டால், அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதும் தெளிவாகும். நைட்ரஜனும் மீத்தேனும் மேல்வளியில் சூரிய ஒளியில் உடைந்து, மீண்டும் சேர்ந்து உருவாகும் சிறிய, சமச்சீரற்ற மூலக்கூறுகள் மில்லிமீட்டர் அலைகளில் அருமையாகப் பேசும். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில், 66 ஆன்டெனாக்களுடன் இருக்கும் அல்மா தொலைநோக்கி இதற்கென்றே செய்தது போன்றது. 2017இல் வினைல் சயனைடு, 2020இல் சைக்ளோபுரோபெனிலிடீன் என்று வரிசையாக டைட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது அல்மாவால்தான்.

தொடங்குபவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. டைட்டனின் பிரகாசம் நன்கு தெரிந்தது, மாறாதது. அதனால் வேறெதையோ பார்க்கப் போகும் வானியலாளர்களும் தங்கள் அளவீட்டைச் சரிபார்க்க டைட்டனை ஓர் எடைக்கல்லாக வைத்துச் சில நிமிடம் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தச் சில நிமிடங்கள் எல்லாம் அல்மாவின் காப்பகத்தில் சேர்ந்துகிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வினைல் சயனைடு கிடைத்ததே 2014இல் இப்படிச் சேர்ந்த தரவிலிருந்துதான். தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பித்து, நிராகரிப்பு வாங்கி, மறுபடி எழுதிக்கொண்டிருக்கும் ஒரு மாணவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை.

கீழ்வளிக்கு அல்மா அவ்வளவாக உதவாது. மேகம், மழை, பருவக்காற்று எல்லாம் அங்கேதான். அதற்கு அகச்சிவப்பு வேண்டும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022 நவம்பரில் டைட்டனைப் பார்த்தபோது வடக்கே மேகங்கள் தெரிந்தன. அடுத்த சில நாட்களுக்குள் ஹவாயின் கெக் தொலைநோக்கியைத் திருப்பி அவை எப்படி மாறுகின்றன என்று பார்த்தார்கள். அடுத்த ஆண்டும் சேர்த்துப் பார்த்ததில் வட பகுதி மேகங்கள் உயரே எழுவது தெரிந்தது. மீத்தேன் உடையும்போது முதலில் பிறக்கும் மெத்தில் துணுக்கையும் வெப் நேரடியாகப் பிடித்தது. ஏரிகளும் கடல்களும் பெரும்பாலும் வடக்கே இருக்கும் ஓர் உலகில், வடக்குக் கோடையின் மேகங்கள் சாதாரணச் செய்தியல்ல. சிக்கல் என்னவென்றால் வெப் வருடத்தில் சில மணி நேரமே டைட்டனுக்குக் கிடைக்கும். மேகமோ யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

நட்சத்திர மறைப்பு என்ற பழைய முறையையும் இங்கே சேர்க்க வேண்டும். ஒரு நிலவு ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே வரும்போது, காற்று இல்லாவிட்டால் ஒளி சட்டென்று அறுபடும். காற்று இருந்தால் ஒளி சாய்ந்து சாய்ந்து மங்கும், நடுநடுவே ஊசிபோல் துள்ளும். சரியான நேர்கோட்டில் நிற்பவருக்கு, மறைப்பின் நட்ட நடுவில் நிலவின் விளிம்பு முழுவதிலிருந்தும் வளைந்துவந்த ஒளி ஒன்றுகூடி ஒரு மின்னல் தெரியும். 1989 ஜூலை 3 அன்று தனுசு மண்டலத்தின் 28ஆம் எண் நட்சத்திரத்தை, வெறுங்கண்ணுக்கே தெரியக்கூடிய அதை, டைட்டன் மறைத்தது. ஐரோப்பாவிலிருந்து பதிவான அந்த நடுமின்னலின் வடிவத்தை வைத்தே டைட்டனின் மேல்வளி நடுக்கோட்டில் உப்பியிருக்கிறது, அதாவது நிலவைவிட வேகமாகச் சுழல்கிறது என்று கணித்தார்கள். பின்னால் நேரில் போன கலம் அதை உறுதிசெய்தது.

இந்த முறைக்கும் தமிழ்நாட்டுக்கும் உண்மையான தொடர்பு உண்டு. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் நிலவு கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை இந்தோனேசியாவின் லெம்பாங்கிலிருந்தும் ஜவ்வாது மலையின் காவலூரிலிருந்தும் அளந்தார்கள். காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்ட ஆண்டு அது. கனிமீடுக்கு மெல்லிய காற்று உண்டு, தரையில் அழுத்தம் ஒரு மைக்ரோபார் அளவாவது இருக்கும் என்று மறு ஆண்டு முடிவு வெளியானது. ஆனால் 1979இல் வாயேஜர் புற ஊதாவில் பார்த்தபோது அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்காகக் காவலூர்க்காரர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1977இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்கள் வெளிப்பட்ட அவதானிப்புகளில் காவலூரும் ஒன்று. மறைப்பு ஒரு சில நிமிடத்தில் நடந்து முடிவது, திரும்பச் செய்து பார்க்க முடியாதது. டைட்டன் போன்ற தடித்த காற்றுக்கு அது வலிமையான முறை. மெல்லிய காற்றுக்கு ஒரே மறைப்பை நம்பக்கூடாது.

காசினியின் பெட்டகம்

காசினி டைட்டனை நெருங்கிக் கடந்தது 127 முறை. பல தடவை 1,000 கிலோமீட்டருக்கும் கீழே, மேல்வளிக்குள்ளேயே புகுந்து வந்தது. சுமார் 950 கிலோமீட்டர் உயரத்தில் ஹைட்ரஜன் அணுவைப்போல் 10,000 மடங்கு நிறையுள்ள எதிர்மின் அயனிகளை அது கண்டபோது துறையே திகைத்தது. டைட்டனைச் சூழ்ந்திருக்கும் ஆரஞ்சு மூட்டத்தின் விதை அவ்வளவு உயரத்திலேயே முளைக்கிறது என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. எந்தத் தொலைநோக்கியும் இதைச் சொல்லியிருக்காது.

அதன் தோளிலிருந்து பிரிந்த ஹைகன்ஸ் கலம் 2005 ஜனவரி 14 அன்று இரண்டரை மணி நேரம் பாராசூட்டில் இறங்கியது. டைட்டனின் கீழ்வளி பற்றி இன்று நமக்கு உறுதியாகத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த இரண்டரை மணி நேரத்தின் கொடை. 120 கிலோமீட்டர் உயரத்தில் வினாடிக்கு 120 மீட்டர் வேகத்தில் வீசிய காற்று, 75 கிலோமீட்டர் அருகே ஏறத்தாழ அடங்கிப்போய், அதற்குக் கீழே மீண்டும் எழுந்தது. ஏன் அப்படி என்பதற்கு இன்றும் எல்லோரும் ஒப்புக்கொண்ட விடையில்லை. 44 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை 70 கெல்வினுக்கு இறங்கி, தரையில் 94க்கு ஏறியது. மீத்தேன் மேல்வளியில் ஒன்றரை விழுக்காடு, தரையருகே ஐந்து விழுக்காடு. பாறையில் உள்ள பொட்டாசியம் சிதைந்து பிறக்கும் ஆர்கன் 40 கிடைத்தது, அதாவது நிலவின் உள்ளிருந்து வாயு வெளியேறியிருக்கிறது. ஆதியில் நைட்ரஜன் வாயுவாகவே வந்திருந்தால் கூடவே சிக்கியிருக்க வேண்டிய ஆர்கன் 36 மிகக் குறைவு, அதனால் டைட்டனின் நைட்ரஜன் முதலில் அம்மோனியாவாகத்தான் வந்திருக்க வேண்டும். மந்த வாயுக்களுக்கு அகச்சிவப்பில் கோடே கிடையாது. நேரில் போய் முகர்ந்தால்தான் உண்டு.

ஆனால் இது ஓர் இடம், ஒரு நாள். துருவத்தில் எப்படி, கோடையில் எப்படி என்று ஹைகன்ஸுக்குத் தெரியாது. காற்றின் வேகம் நமக்குக் கிடைத்ததே ஓர் அதிர்ஷ்டம். இரண்டு அலைவரிசைகளில் ஒன்றைப் பெறும் கருவியை இயக்கும் கட்டளை காசினிக்குப் போகாமல் விட்டுப்போனதால், காற்றளவைச் சோதனையின் தரவு காசினிக்கு வரவேயில்லை. அமெரிக்காவின் கிரீன் பேங்க், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் போன்ற ரேடியோ தொலைநோக்கிகள் ஹைகன்ஸின் மெல்லிய அலையைப் பூமியிலிருந்தே பிடித்து அதைக் காப்பாற்றின.

காசினியின் தரவு முழுவதும் நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் இலவசம். இணையமும் ஒரு சாதாரணக் கணினியும் போதும். நேரம்தான் செலவாகும்: ஒவ்வொரு நிறமாலைக்கும் அந்த வினாடியில் கலம் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் பார்த்தது, டைட்டனின் விளிம்பிலிருந்து எத்தனை கிலோமீட்டர் உயரத்தை நோக்கியது என்று கலத்தின் இருப்பிடமும் திசையும் பதிவான ஸ்பைஸ் கோப்புகளைக் கொண்டு கணக்கிட்டாக வேண்டும். சலிப்பான வேலை. இதைச் செய்யாமல் மேலே போனவர்களின் முடிவுகளை நான் நம்புவதில்லை. பத்து கிலோமீட்டர் தவறினாலே வெப்பநிலைக் கோடு வேறு கதை சொல்லும்.

ஆய்வகம்

நைட்ரஜனில் சில விழுக்காடு மீத்தேன் கலந்து, மின்பொறியோ புற ஊதாவோ செலுத்தினால் கண்ணாடியில் பழுப்புப் படலம் படியும். கார்ல் சாகனும் பிஷுன் கரேயும் இதற்குத் தோலின் என்று பெயர் வைத்தார்கள். வேதியியலில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு நல்ல வழி, செலவும் பயணங்களோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் குடுவைக்குச் சுவர் உண்டு, டைட்டனின் வானத்துக்கு இல்லை. அங்கே மெதுவாக, மிக அரிதான காற்றில் நடப்பதை இங்கே அதிக அழுத்தத்தில் அவசரமாக நடத்துகிறோம். கிடைக்கும் தூள் டைட்டனின் மூட்டம்தான் என்று சொல்ல ஒரு டைட்டன் மாதிரி கையில் வேண்டும், அது இல்லை. துணை வழியாக மிக நல்லது. ஒற்றை வழியாகச் சொல்ல மாட்டேன்.

போய்ப் பார்ப்பது

வளிமண்டல ஆய்வாளருக்கு உண்மையில் வேண்டியது டைட்டனையே சுற்றிவரும் ஒரு கலமும், பத்து கிலோமீட்டர் உயரத்தில் மாதக்கணக்கில் மிதக்கும் ஒரு பலூனும்தான். 2009இல் நாசாவும் ஐரோப்பிய விண்வெளி முகமையும் பரிசீலித்த திட்டத்தில் இரண்டும் இருந்தன. முன்னுரிமை வியாழன் பக்கம் போனது. டைட்டனின் லைஜியா மாரே கடலில் ஒரு மிதவையை இறக்கும் திட்டம் 2012இல் செவ்வாயில் இறங்கும் இன்சைட் கலத்திடம் தோற்றது. விமானம் ஒன்றும் முன்மொழியப்பட்டது. தரையில் ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒரு பங்கு, காற்றின் அடர்த்தி நான்கு மடங்கு, பறப்பதற்கு இதைவிட நல்ல இடம் சூரியக் குடும்பத்தில் இல்லை. அதுவும் ஏட்டிலேயே நின்றது.

2019 ஜூனில் நாசா தேர்ந்தெடுத்தது டிராகன்ஃபிளையை. எதிரே இருந்தது ஒரு வால்மீனிலிருந்து மாதிரி எடுத்துவரும் சீசர் திட்டம். எட்டு சுழலிகள், கதிரியக்க மின்கலம், டைட்டனின் ஒரு பகல் இரவுக்கு, அதாவது 16 பூமி நாட்களுக்கு, சுமார் ஒரு பறத்தல். 2028 ஜூலையில் ஏவப்பட்டு 2034இல் இறங்க வேண்டும். ஹைகன்ஸ் இறங்கியதிலிருந்து சரியாக ஒரு டைட்டன் ஆண்டு கழித்து, அதே பருவம். ஹைகன்ஸ் அளந்த காற்றையே நம்பி இறங்கலாம் என்பதால் பொறியாளர்களுக்கு இது பெரிய நிம்மதி. முதலில் 2026இல் ஏவுவதாக இருந்தது. செலவும் முன்மொழிந்ததைப்போல் இருமடங்காகி 335 கோடி டாலரைத் தொட்டது.

நான் இந்தப் பயணத்தை மனமார விரும்புகிறேன். ஆனால் அதன் மையக் கேள்வி தரையின் வேதியியல்: டைட்டனின் செல்க் பள்ளத்தில் பனி உருகிய நீரும் கரிமச் சேர்மங்களும் ஒருகாலத்தில் கலந்தனவா என்பது. வானிலைக் கருவிகள் உண்டு. அழுத்தம், வெப்பம், காற்று, மீத்தேன் ஈரப்பதம் எல்லாம் அளக்கும், சில கிலோமீட்டர் உயரம் வரை ஏறிப் பார்க்கும். நடுக்கோட்டருகே, தரையை ஒட்டிய காற்றின் அன்றாடத்தை நாம் முதன்முறையாக ஆண்டுக்கணக்கில் அறிவோம். மேல்வளியும் துருவமும் உலகளாவிய காற்றோட்டமும் அதன் எல்லைக்கு வெளியே. மேலே சுற்றும் துணைக்கலமும் இல்லை, தரவை அது நேரே பூமிக்கு அனுப்ப வேண்டும்.

ஆகவே கேள்வியைப் பொறுத்துத் தேர்வு மாறும். மீத்தேன் சில கோடி ஆண்டுகளில் சூரிய ஒளியில் அழிந்துபோக வேண்டியது, இன்னும் இருக்கிறதே, யார் நிரப்புகிறார்கள் என்பதுதான் உங்களை உறங்கவிடாத கேள்வி என்றால், டிராகன்ஃபிளை குழுவோடு தொடர்புள்ள வழிகாட்டியைத் தேடுங்கள். கருவி செய்வதில் கை ஓடுபவருக்கும் அதே அறிவுரை. ஆனால் ஆராய்ச்சிப் பட்டத்தை 2034இன் தரவில் கட்டாதீர்கள். ஏவுதல் இரண்டு ஆண்டு தள்ளிப்போனால் உங்கள் உதவித்தொகை தள்ளிப்போகாது. மூட்டத்தின் வேதியியல் என்றால் ஆய்வகமும் காசினியின் அயனித் தரவும் சேர்ந்து. காற்றோட்டம், பருவம், துருவம் என்றால் நான் மேலே சொன்னதுதான்: முதல் ஆண்டில் காசினியின் அகச்சிவப்பு நிறமாலைகளில் தெற்கின் 2009 முதல் 2012 வரையான குளிர்ச்சியைத் தானே கணக்கிட்டுப் பார்ப்பது, கூடவே அல்மா காப்பகத்தில் 2025க்குப் பிந்தைய டைட்டன் பதிவுகளைத் தேடி எடுத்து வடக்கோடு ஒப்பிடத் தொடங்குவது. அல்மாவுக்கு உறுப்பு நாடு அல்லாத நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஒதுக்கீடு சிறிது. வெப்புக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், போட்டி கடுமை. இரண்டுக்கும் விண்ணப்பம் ஆண்டுக்கு ஒருமுறை வரும். வடக்கின் மேகத்துக்காக எழுதுவதென்றால் அடுத்த அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.